மெய்நிகர்ப் பகடை மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

மதுரையில் தாயக்கட்டைக்குப் பஞ்சமில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் பித்தளையில் ஒரு ஜோடி கேட்டால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இருபது முகம், பன்னிரண்டு முகம், எட்டு முகம் என்று இறங்கினால்தான் சிக்கல். அதனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடையால் கதையை நகர்த்தும் ஆட்டம் ஆடுகிற குழுக்கள் பெரும்பாலும் போனிலோ லேப்டாப்பிலோதான் உருட்டுகின்றன. ஆட்டம் சூடு பிடித்ததும் யாராவது ஒருவர் “இந்த ஆப் ஏமாத்துதுப்பா” என்று ஆரம்பிப்பார்.

பழுது பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில், என்ன தட்டினோம்? அடுத்து, அதை ஆப் எப்படிப் புரிந்துகொண்டது? அப்புறம், வந்த எண்ணை நாம் எப்படிப் படித்தோம்? இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டும், நான்காவதாக, எண்ணை உருவாக்கும் இடத்தைச் சந்தேகப்படலாம். பலரும் நான்காவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எழுத்து முறை பற்றி ஒன்று. 2டி6+3 என்றால் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி, கூட்டுத்தொகையோடு 3 சேர்ப்பது. கீழே கட்டளைகளில் வரும் டி, ஆர், கேஹெச் போன்றவற்றை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது அவை எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்துகள்.

எண்ணே வரவில்லை, தட்டியது அப்படியே சாட்டில் விழுகிறது

கட்டளையை மென்பொருள் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முதல் சந்தேகம் விசைப்பலகை மேல். தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை திறந்திருந்தால் ஆங்கில டி, ‘ட்’ ஆக மாறிவிடும். உலக உருண்டைப் பொத்தானைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

இணையம் வழி இந்த ஆட்டங்களை ஆட உதவும் ரோல்20, ஃபவுண்ட்ரி என்ற இரண்டு மென்பொருளிலும் சாய்கோடுதான் முதல் எழுத்தாக இருக்க வேண்டும். பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் சில விசைப்பலகைகள் முன்னால் ஓர் இடைவெளியைச் செருகிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, கட்டளை செத்துப்போகும். ஆருக்கும் எண்ணுக்கும் நடுவே மட்டும் ஓர் இடைவெளி விடுங்கள்: /ஆர் 2டி6+3.

கூட்டல் வேலை செய்கிறது, கழித்தல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது வெட்டி ஒட்டியதன் கோளாறு. பிடிஎஃப் கோப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்து ஒட்டும்போது சின்னக் கழித்தல் குறிக்குப் பதில் நீளக்கோடு வந்துவிடும். பெருக்கல் குறியும் இப்படித்தான்: நட்சத்திரக் குறி வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடப் பெருக்கல் குறி உட்கார்ந்திருக்கும். அந்த ஓர் எழுத்தை அழித்துவிட்டுக் கையால் தட்டினால் சரியாகிவிடும்.

டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் பாட் (தானியங்கி நிரல்) வைத்து உருட்டுபவர்கள் முழுக் கட்டளையையும் ஒரே மூச்சில் தட்டி அனுப்பாதீர்கள். சாய்கோடு தட்டியதும் மேலே விரியும் பட்டியலில் அந்த பாட்டின் கட்டளையைத் தொட்ட பிறகு எண்களைக் கொடுங்கள். பட்டியலில் பாட் தெரியவே இல்லை என்றால் அந்தச் சேனலில் அதற்கு அனுமதி இல்லை. சர்வர் நடத்துபவர்தான் தர வேண்டும்.

எது பிழை என்று பிடிபடாவிட்டால் /ஆர் 1டி6 மட்டும் தட்டிப் பாருங்கள். அது உருண்டால் +3 சேருங்கள், அப்புறம் அடுத்தது. எந்தத் துண்டைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

எண் வருகிறது, கணக்கு இடிக்கிறது

தகராறு அதிகம் கிளம்புவது இங்கேதான், ஏனென்றால் ஆப் தப்பே செய்திருக்காது. தட்டியதைத் தட்டியபடி செய்திருக்கும்.

அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை) உருட்டினால் 30, 35 என்று வருகிறதா? 2டி20+5 என்று தட்டியிருப்பீர்கள். அது இரண்டு பகடையையும் கூட்டிவிடும். வேண்டியது 2டி20கேஹெச்1+5, அதாவது இரண்டில் பெரியதை மட்டும் வைத்துக்கொள். சின்னதை எடுக்கும் டிஸ்அட்வான்டேஜுக்கு ஹெச் இருக்கும் இடத்தில் எல். சரியாகத் தட்டினால் பகடையின் சராசரி 13.8 வரும், 20 விழும் வாய்ப்பு 9.75%.

புதுப் பாத்திரத்தின் ஆறு திறன்களும் சந்தேகப்படும்படி உயரமா? நான்கு பகடை உருட்டிச் சின்னதைத் தள்ளும் முறைக்கு 4டி6கேஹெச்3 அல்லது 4டி6டிஎல்1 என்று தட்ட வேண்டும். சராசரி 12.24. வெறும் 4டி6 என்று தட்டினால் சராசரி 14. பட்டியலில் எங்காவது 19 தெரிந்தால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம், தள்ளுவதற்கு மறந்திருக்கிறது. சரியான முறையில் 18க்கு மேல் வர வழியே இல்லை.

அடுத்து கிரிட்டிக்கல் அடி, அதாவது 20 விழுந்து கூடுதலாகப் படும் அடி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிப்படி பகடைகள்தான் இரட்டிப்பாகும், கூட்டு எண் ஆகாது. 2டி6+3 அடிக்கும் வாளுக்கு கிரிட் 4டி6+3. மொத்தத்தை இரண்டால் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் 3 கூடுதலாகப் போகும். விடை எப்போதும் இரட்டைப்படையாகவே வருகிறதா என்று பாருங்கள், பெருக்கியிருக்கிறார்கள் என்று உடனே தெரியும்.

மறு உருட்டில் இன்னொரு பொறி. ரோல்20இல் ஆர் என்றால் நிபந்தனை தீரும் வரை திரும்பத் திரும்ப உருட்டு. ஒருமுறை மட்டும் என்றால் ஆர்ஓ. ஃபவுண்ட்ரியில் தலைகீழ்: ஆர் ஒருமுறை, ஆர்ஆர் திரும்பத் திரும்ப. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய குழுக்கள் இதில் சறுக்குவது சகஜம். 2014 விதிப்புத்தகத்தின் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் என்ற சண்டைத் திறனில் 1, 2 விழுந்தால் ஒரே ஒருமுறைதான் மறு உருட்டு. அப்படிச் செய்தால் 2டி6இன் சராசரி 7இலிருந்து 8.33 ஆகும். திரும்பத் திரும்ப உருட்டினால் 9. அடையாளம் சுலபம்: மறு உருட்டுக்குப் பிறகும் 1, 2 கண்ணிலேயே படவில்லை என்றால் தப்பான கட்டளை.

ஒப்பீட்டுக் குறியிலும் இதே கதை. பத்துப் பகடையில் எத்தனை வெற்றி என்று எண்ணும் ஆட்டங்களில், ரோல்20க்கு 10டி6>4 என்றால் 4ம் அதற்கு மேலும். ஃபவுண்ட்ரியில் சிஎஸ்>4 என்றால் 5ம் 6ம் மட்டுமே. 4ஐயும் சேர்க்க, பெரியது குறிக்குப் பக்கத்தில் சமக்குறியும் போட வேண்டும். ஒரு குறியால் வெற்றி வாய்ப்பு 50%க்கும் 33%க்கும் இடையே தாவும். விரோதி திடீரென்று பலவானாகத் தெரிந்தால் இதைப் பாருங்கள். உச்ச எண் விழுந்தால் இன்னொன்று உருட்டும் ஆட்டங்களுக்கு ரோல்20இல் ஆச்சரியக்குறி, ஃபவுண்ட்ரியில் எக்ஸ்.

பாதிச் சேதம் 3.5 என்று நிற்கிறதா? இரண்டு மென்பொருளும் தானாகக் கீழே இறக்காது. ஃப்ளோர் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் முழுக் கணக்கையும் போடுங்கள்.

நூறு முகப் பகடையில் 110 வந்தால் யாரோ 1டி10*10+1டி10 என்று சொந்தமாகக் கட்டியிருக்கிறார்கள். அது 11இலிருந்து 110 வரை ஓடும். 1டி100 என்று தட்டினாலே போதும். அது இல்லாத ஆப்பில் (1டி10-1)*10+1டி10. பத்துமுகப் பகடை இரண்டை உருட்டிப் படிக்கும் ஆப் என்றால், பத்தாமிடப் பகடை 00, ஒன்றாமிடப் பகடை 0 என்றால் அது 100. 00உம் 5உம் என்றால் வெறும் 5.

கேட்ட பகடை ஆப்பில் இல்லை

லூடோவுக்கு என்று எழுதிய ஆப்பில் ஆறுமுகம் மட்டும்தான் இருக்கும். பன்னிரண்டு முகத்துக்குப் பதில் இரண்டு ஆறுமுகத்தைக் கூட்டுவது எல்லாரும் செய்யும் குறுக்குவழி. அதில் 1 வரவே வராது, 7 மட்டும் 36க்கு 6 முறை வரும், 12 வருவது 36க்கு ஒருமுறை. கோடரி எப்போதும் நடுத்தரமாகவே வெட்டுகிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான். இருபது முகத்துக்கு மூன்று ஆறுமுகம் என்பது இன்னும் மோசம்: 18 வருவதே 216க்கு ஒருமுறை, 20 கிடையவே கிடையாது.

சரியான வழி, ஒரு பகடையும் ஒரு நாணயமும். ஆறுமுகம் உருட்டி, நாணயம் தலை விழுந்தால் 6 கூட்டுங்கள்: பன்னிரண்டு முகம் கிடைத்துவிட்டது. நான்குமுகம், தலைக்கு 4: எட்டுமுகம். பத்துமுகம், தலைக்கு 10: இருபதுமுகம். எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு.

தாயம் ஆடுகிறோம், 12 விழவே இல்லை, ஆட்டமும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில் தாயம் ஆடும் வீடுகளில் இது வருகிறது. கட்டம் இங்கே தரையில், காய் இங்கே, உருட்டுவது ஆளாளுக்குப் போனில். போனில் கைக்கு எட்டுவது ஆறுமுகப் பகடை, அதையே உருட்டிவிடுகிறார்கள். தாயக்கட்டை ஆறுமுகம் அல்ல. நீளவாக்கில் நான்கு முகம், அவற்றில் 1, 2, 3, ஒன்று வெற்று. இரண்டு கட்டையையும் சேர்த்துப் படித்து, இரண்டும் வெற்றாக விழுந்தால் 12 என்கிறோம்.

நான்கு முகம் இரண்டு கட்டை என்றால் 16 விதமாக விழலாம். பிரித்துப் பார்த்தால் தாயம் (1) 16க்கு 2, இரண்டு 16க்கு 3, மூன்று 16க்கு 4, நான்கு 16க்கு 3, ஐந்து 16க்கு 2, ஆறு 16க்கு 1, பன்னிரண்டு 16க்கு 1. ஆறுமுகப் பகடையில் தாயம் ஆறுக்கு ஒன்று. அதாவது கட்டையில் சராசரியாக எட்டு உருட்டுக்குக் காத்திருந்து இறக்க வேண்டிய காய் போனில் ஆறிலேயே இறங்கிவிடுகிறது.

வேகத்துக்கு முக்கியக் காரணம் அது மட்டுமல்ல, மறு உருட்டு. 1, 5, 6, 12க்கு மறுபடி உருட்டலாம் என்று ஆடும் வீட்டில், கட்டையில் அந்த வாய்ப்பு 16க்கு 6, அதாவது 37.5%. ஆறுமுகத்தில் 1, 5, 6 சேர்ந்து 50%. கணக்குப் போட்டால் கட்டையில் ஒரு முறைக்குச் சராசரி 1.6 உருட்டு, போனில் 2. காய் நகரும் தூரம் கட்டையில் சராசரி 6 கட்டம், போனில் 7. வெட்டுக்கு வெட்டு திருப்பிக் கொடுக்க அவகாசமே இல்லாமல் பழம் எடுத்துவிடுகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

தீர்வு ஒரே வரி: 2டி4-2. இது 0 முதல் 6 வரை தரும், மேலே சொன்ன அதே 16 பங்கில். 0 வந்தால் 12 என்று படியுங்கள். நான்குமுகப் பகடை உள்ள எந்த ஆப்பிலும் ஆகும்; கழித்தல் வசதி இல்லை என்றால் இரண்டு நான்குமுகத்தை உருட்டி மனதால் 2 கழித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கட்டையில் முகங்கள் வேறு மாதிரி இருந்தால் முதலில் அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டு கணக்கை மாற்றுங்கள். மறு உருட்டு விதியும் வீட்டுக்கு வீடு வேறுபடும், அதை ஆட்டம் தொடங்கும் முன் பேசி முடித்துவிடுவது நல்லது. அம்மாச்சி வைத்த விதியே சட்டம் என்றால் அதுவும் சரிதான்.

சோழி போட்டு ஆடுபவர்களுக்கு 2டி4-2 பொருந்தாது. ஆறு சோழியில் வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை எண்ணுகிறோம், ஒன்றுமே இல்லையென்றால் 12. இதற்கு 6டி2-6. வாய்ப்புகள் 64இல் பிரியும்: தாயம் 6, இரண்டு 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறு 1, பன்னிரண்டு 1. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை நான்கு என்றால் 4டி2-4, 0க்கு 8. ஆனால் சோழி நாணயம் அல்ல, வாய் மேலாக விழுவது சரிபாதி என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அச்சு அசலாக வேண்டுமென்றால் வீட்டுச் சோழி ஆறையும் 50 முறை போட்டு, 300இல் எத்தனை வாய் மேலே விழுந்தன என்று எண்ணுங்கள். 120 என்றால் 40%. அப்போது பத்துமுகப் பகடை ஆறு உருட்டி 4ம் அதற்குக் கீழும் வந்தவற்றை எண்ண வேண்டும்: ரோல்20இல் 6டி10<4.

கட்டையும் காயும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மதுரைக்குப் பக்கத்துக் கீழடியில் தந்தத்தில் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் அகழாய்வில் கிடைத்தவற்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

“அண்ணே, எனக்கு மட்டும் 20 விழவே மாட்டேங்குதுண்ணே”

ஒரு மாலையில் ஒருவர் இருபதுமுகப் பகடையை 40 தடவை உருட்டினால், ஒரு 20கூட விழாமல் போக 12.9% வாய்ப்பு. நாலு பேர் ஆளுக்கு 40 உருட்டினால், அவர்களில் ஒருவராவது 20 பார்க்காமல் வீட்டுக்குப் போக 42%. கிட்டத்தட்ட ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் இந்த வசனத்தைப் பேசுவார். அடுத்தடுத்து ஒரே எண் விழுவதும் அப்படித்தான். ஆறுமுகத்தில் முந்தைய எண்ணே மறுபடி விழ ஆறுக்கு ஒரு வாய்ப்பு. பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. நாமாக “கலந்து கலந்து” எண்களை எழுதினால்தான் ஒரே எண்ணை அடுத்தடுத்துப் போடத் தயங்குவோம்.

சமாதானம் ஆகவில்லை என்றால் சோதித்துவிடுங்கள், வாக்குவாதத்தைவிட வேகமாக முடியும்.

1. ஆறுமுகத்தை 600 தடவை உருட்டுங்கள். 100டி6 என்று ஆறுமுறை தட்டினால் போதும். ஆப் நூறை ஏற்காவிட்டால் 50டி6 பன்னிரண்டு முறை. மொத்தம் வேண்டாம், தனித்தனி எண்கள்தான் வேண்டும்.

2. எந்த எண் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு 100.

3. வந்ததற்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, ஆறையும் கூட்டி, 100ஆல் வகுங்கள்.

4. விடை 11.07க்குள் இருந்தால் குறை சொல்ல இடமில்லை.

உதாரணமாக 92, 108, 97, 111, 88, 104 வந்ததென்று வையுங்கள். வர்க்கங்கள் 64, 64, 9, 121, 144, 16, மொத்தம் 418, விடை 4.18. 88க்கும் 111க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தோன்றும், ஆனால் இது சுத்தமான பகடை. இருபதுமுகத்துக்கு 400 உருட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு 20, வகுப்பதும் 20ஆல், எல்லை 30.14. நல்ல பகடையும் இருபதுக்கு ஒருமுறை எல்லையைத் தாண்டும். தாண்டினால் புதிதாக இன்னொரு சோதனை. மறுபடியும் தாண்டினால் ஆப்பை மாற்றுங்கள். 100 உருட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சொந்தமாக எழுதிய பகடை

கல்லூரிப் பிள்ளைகள் ஆர்வத்தில் எழுதித் தரும் பகடைகளில் உண்மையிலேயே கோளாறு இருப்பதுண்டு. மேலே சொன்ன சோதனையில் 1ம் 6ம் 60 பக்கமும், நடு எண்கள் நான்கும் 120 பக்கமும் வந்தால் விடை 48 என்று குதிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் மேத் ராண்டத்தை 5ஆல் பெருக்கி ரவுண்ட் செய்து 1 கூட்டியிருப்பார்கள். ரவுண்ட் செய்யும்போது இரண்டு ஓரத்துக்கும் பாதிப் பங்குதான் கிடைக்கும்: ஓரங்கள் 10%, நடுவில் உள்ளவை 20%. இதே தவற்றை இருபதுமுகத்தில் செய்தால் 20 விழுவது 5%க்குப் பதில் 2.6%. திருத்தம்: 6ஆல் பெருக்கி, ஃப்ளோர் செய்து, 1 கூட்ட வேண்டும்.

ஒரு பைட் எண்ணை (0 முதல் 255 வரை) எடுத்து 20ஆல் வகுத்து மீதியைப் பயன்படுத்துவது நுட்பமான பிழை. 256, 20ஆல் மீதியின்றி வகுபடாது. மீதியோடு 1 கூட்டினால் 1 முதல் 16 வரை ஒவ்வொன்றுக்கும் 256இல் 13 பங்கு, 17 முதல் 20 வரை 12 பங்கு. 240உம் அதற்கு மேலும் வந்த பைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால் தீர்ந்தது.

நிரலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே வரிசை வருகிறதா? சி மொழியில் எஸ்ராண்ட் அழைக்காமல் ராண்ட் மட்டும் அழைத்திருக்கிறார்கள். விதை, அதாவது எண்வரிசை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லும் எண், எப்போதும் 1ஆகவே நிற்கும். நேரத்தை விதையாகக் கொடுத்து, ஒவ்வொரு உருட்டுக்கும் புதிதாக விதைத்தால் வேறு கோளாறு வரும்: ஒரே விநாடியில் உருட்டியவை எல்லாம் ஒரே எண். நிரல் தொடங்கும்போது ஒரே ஒருமுறை விதைத்தால் போதும்.

கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ ராண்ட்பிட்வீன் போட்டு உருட்டினால் பழைய எண்கள் தாமாக மாறும். யாராவது ஒரு கட்டத்தில் எதையாவது தட்டினாலே தாள் முழுக்க மறுபடி உருளும். உருட்டியதும் அந்தக் கட்டத்தை நகலெடுத்து, பக்கத்துக் கட்டத்தில் மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். ஆட்டம் நடக்கும்போது இதை யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள், அதனால் ஷீட்டைப் பாத்திர விவரம் எழுத மட்டும் வைத்துக்கொள்வதே மேல்.

முப்பரிமாணப் பகடை திக்குகிறது, அல்லது காட்டுவது ஒன்று, சாட்டில் வருவது ஒன்று

ஃபவுண்ட்ரியில் டைஸ் சோ நைஸ் போன்ற காட்சிகளில் எண் முதலிலேயே தீர்மானமாகிவிடும். திரையில் உருளுவது அதற்கான அலங்காரம். முரண்பட்டால் சாட்டில் உள்ளதுதான் செல்லும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். திக்கினால் உலாவியின் செட்டிங்ஸில் வரைகலை முடுக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, போட்டுவிட்டு, உலாவியை மூடித் திறங்கள். பழைய லேப்டாப் என்றால் முப்பரிமாணத்தையே நிறுத்துவதுதான் மருந்து. சித்திரை வெயிலில் விசிறி ஏற்கெனவே அலறிக்கொண்டிருக்கும்.

போனைக் குலுக்கினால் உருளவில்லை; குலுக்காமலே உருளுகிறது

ஆண்ட்ராய்டில் டெவலப்பர் வசதிகளை எப்போதாவது திறந்திருந்தால், மேலிருந்து இழுக்கும் பலகையில் சென்சார்களை நிறுத்தும் பொத்தான் இருக்கக்கூடும். அது அமுங்கியிருந்தால் குலுக்கல் எதற்கும் எடுபடாது. ஐபோனில் இணையப் பக்கம் வழியாக உருட்டினால், ஐஓஎஸ் 13 முதல் அசைவைப் படிக்கத் தனி அனுமதி வேண்டும். ஒருமுறை மறுத்துவிட்டால் சஃபாரியை முழுசாக மூடித் திறந்து, கேட்கும்போது சரி சொல்லுங்கள். குலுக்கும்போது தட்டியதை அழிக்கவா என்று ஐபோன் கேட்டால் அணுகல்தன்மை செட்டிங்ஸில், தொடுதல் பகுதியில் உள்ள குலுக்கி அழிக்கும் வசதியை நிறுத்துங்கள்.

ஷேர் ஆட்டோவில் காளவாசல் தாண்டுவதற்குள் ஏழெட்டு உருட்டு தானாக விழுந்தால் உணர்திறன் அதிகம். குறைக்க முடியாத ஆப் என்றால் குலுக்கலை நிறுத்திவிட்டுத் தொட்டு உருட்டுங்கள். தானாக விழுந்தது செல்லாது என்பதையும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் 20 விழுந்தது மட்டும் “அது நான் உருட்டினது” ஆகிவிடும்.

நான் உருட்டியது அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் உருட்டியதை நம்ப முடியவில்லை

ஃபவுண்ட்ரியில் சாட் பெட்டியருகே உருட்டு முறைத் தேர்வு ஒன்று உண்டு. கடைசியாக வைத்த இடத்திலேயே அது நிற்கும். போன வாரம் ரகசியமாக ஒன்று உருட்டியவர் இந்த வாரமும் ரகசியமாகவே உருட்டிக்கொண்டிருப்பார். பொதுவுக்கு மாற்றுங்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு மட்டும் காட்ட ஃபவுண்ட்ரியில் /ஜிஎம்ஆர், ரோல்20இல் /ஜிஆர். உருட்டியவருக்கே தெரியக்கூடாது என்றால் ஃபவுண்ட்ரியில் /பிஆர். பொறி இருக்கிறதா என்று தேடும் உருட்டுகளுக்கு இதுதான் பொருத்தம், 3 விழுந்ததைப் பார்த்துவிட்டு “எதுக்கும் இன்னொரு தடவை தேடுறேன்” என்று சொல்ல முடியாது.

நெட் மெதுவாக இருக்கும்போது பொத்தானை இரண்டு முறை தட்டினால் இரண்டு உருட்டு விழும். முதல் உருட்டே செல்லும். இதை எழுதி வைக்காத குழுவில் எப்போதும் பெரியதே செல்லும்.

தன் போனில் உருட்டிவிட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எதையும் நிரூபிக்காது, எத்தனையாவது உருட்டு அது என்று படம் சொல்லாது. டெலிகிராம் குழுவில் பகடை எமோஜியை மட்டும் தனியாக அனுப்பினால் 1 முதல் 6க்குள் ஓர் எண் விழும். அனுப்புபவர் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. கூடவே ஓர் எழுத்து சேர்ந்தாலும் அது வெறும் எமோஜிதான். இரண்டு ஓட்டைகள் உண்டு. பிடிக்காத உருட்டைத் தடயமில்லாமல் அழித்துவிட்டு மறுபடி அனுப்பலாம். பழைய 6ஐ முன்னனுப்பலாம். அதனால், முதலில் “கதவை உடைக்கிறேன்” என்று எழுதுவது, அந்தச் செய்திக்கு ரிப்ளையாகவே பகடையை அனுப்புவது, முன்னனுப்பியது என்ற அடையாளம் இருந்தால் செல்லாது என்று மூன்று விதி போதும்.

நெட் போய்விட்டது, கரண்ட் போய்விட்டது

வீட்டு லேப்டாப்பில் ஃபவுண்ட்ரி ஓட்டி, வெளியிலிருந்து யாராலும் நுழைய முடியவில்லை என்றால், 30000 என்ற போர்ட்டைத் திறந்துவிட்ட பிறகும் அப்படியே என்றால், ரூட்டர் காட்டும் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது பலருக்கும் பகிர்ந்த முகவரி, போர்ட் திறந்து பயனில்லை. இணைப்புக்காரரிடம் தனி முகவரி கேளுங்கள், அல்லது வாடகைச் சர்வருக்கு மாற்றுங்கள்.

மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் பகலில் ரூட்டர் படுத்துவிடும். போன் டேட்டாவுக்கு மாறலாம்; அழகர் இறங்கும் நாளில் தல்லாகுளம் பக்கம் இருப்பவர்கள் அதையும் நம்ப வேண்டாம். அழைப்பு மட்டும் ஓடுகிறது என்றால் பகடையே இல்லாமல் உருட்டலாம். ஆட்டக்காரரும் கேம் மாஸ்டரும் 1 முதல் 20க்குள் ஆளுக்கோர் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், மூன்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். கூட்டுங்கள், 20க்கு மேல் போனால் 20 கழியுங்கள். 14ம் 11ம் என்றால் 25, ஆக 5. இருவரில் ஒருவர் மட்டும் மனம்போன போக்கில் எழுதினாலே விடை சம வாய்ப்போடு வந்துவிடும், மற்றவர் என்ன தந்திரம் செய்தாலும் பலிக்காது. ஒருவர் கொஞ்சம் தாமதித்துச் சொன்னால் அந்த உருட்டு செல்லாது.

எல்லாரும் ஒரே திண்ணையில் இருந்தால் சட்டைப்பையில் உள்ள ரூபாய் நோட்டே பத்துமுகப் பகடை. வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள், 0 என்றால் 10. நாணயம் சுண்டித் தலை விழுந்தால் 10 கூட்டுங்கள். ஒரு நோட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். வங்கியிலிருந்து வந்த புதுக்கட்டு வேண்டாம், அதில் எண்கள் வரிசையாக ஓடும்.